வழி தப்பிய ஆட்டோக்காரர்: வயதும் வழி கண்டுபிடிக்கும் திறனும்

(இந்த எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

மூளையையும் உடம்பையும் பத்தி வாரா வாரம் பேசுற நம்ம நிகழ்ச்சியில, இன்னைக்கு வழி கண்டுபிடிக்கிறது பத்திப் பேசப் போறோம். வயசாக ஆக நமக்கு ஏன் வழி தப்புது? அதுல எது சாதாரணம், எதுக்குப் பயப்படணும்? இதுதான் விஷயம்.

வழக்கமா ஏதாவது ஒரு ஆய்வுல இருந்து ஆரம்பிப்பேன். இன்னைக்கு எங்க அப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன். பேசலாமான்னு அவர்கிட்ட கேட்டுட்டேன். "தாராளமாச் சொல்லு தாயி. நான் என்ன திருடவா போனேன், தொலைஞ்சுதானே போனேன்" அப்படின்னார்.

அப்பாவுக்கு 71 வயசு. மதுரையில 32 வருஷம் ஆட்டோ ஓட்டினவர். அம்மா தவறினதுக்கு அப்புறம், சென்னையில ஓஎம்ஆர் பக்கம் இருக்கிற எங்க அபார்ட்மென்ட்டுக்கு வந்துட்டார். ஆறு பிளாக், ஏ-ல இருந்து எஃப் வரைக்கும். எல்லாம் ஒரே உயரம், ஒரே வெள்ளை பெயின்ட், ஒரே மாதிரி பால்கனி.

வந்து மூணாவது மாசம் அது. காலையில பால் வாங்கப் போனவர் ஒன்றரை மணி நேரமாகியும் வரலை. போனை வீட்டுலேயே வெச்சிட்டுப் போயிட்டார். கடைசியில செக்யூரிட்டி அண்ணன்தான் கூட்டிட்டு வந்தார். அப்பா வேற ஒரு பிளாக்ல ஏறி, நாலாவது மாடியில யார் வீட்டு பெல்லையோ அடிச்சிருக்கார். கதவைத் திறந்தது முன்பின் தெரியாத ஆள். இறங்கி வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, பார்க் பெஞ்சுல உக்காந்துட்டார். யார்கிட்டயும் கேக்கலை. 32 வருஷம் ஊருக்கே வழி சொன்ன மனுஷனுக்கு, வழி கேக்கக் கூச்சம்.

அன்னைக்கு ராத்திரி அண்ணன் போன்ல சொன்னான்: "இது மறதி நோயோட ஆரம்பம்தான். இனிமே தனியா வெளியில விடாதே." நானும் சரின்னுட்டேன். மறுநாள்ல இருந்து பால் பாக்கெட் ஆப் மூலமா வீட்டு வாசலுக்கே வந்துச்சு. அப்பா பால்கனி நாற்காலிக்குப் போயிட்டார். ரெண்டு வாரத்துல அவரோட பேச்சு குறைஞ்சுபோச்சு, நடை தளர்ந்துபோச்சு.

மூளையைப் பத்தி வாரா வாரம் மைக் முன்னாடி பேசுற நான், என் வீட்டுல செஞ்ச தப்பு இது. ஏன் தப்புன்னு புரியணும்னா, நாம எப்படி வழி கண்டுபிடிக்கிறோம்னு முதல்ல பாக்கணும்.

பட்டியலும் வரைபடமும்

ஒரு இடத்துக்குப் போக நம் மூளை இரண்டு முறைகளைப் பயன்படுத்துகிறது. முதலாவது பட்டியல் முறை. வாசலில் இறங்கு, இடது பக்கம் திரும்பு, மூன்றாவது கட்டடம், நாலாவது மாடி. தினமும் போய் வரும் வழிகள் இப்படித்தான் பதிந்திருக்கும். ஆபீஸ் போகிற வழியில் யோசனையே இல்லாமல் வண்டியைத் திருப்புகிறோம் இல்லையா, அது இதுதான். மூளையில் பழக்கங்களைப் பார்த்துக்கொள்கிற பகுதி ஒன்று இருக்கிறது, காடேட் நியூக்ளியஸ் என்று பெயர். பட்டியல் அதன் பொறுப்பு.

இரண்டாவது வரைபட முறை. எது எங்கே இருக்கிறது, எதிலிருந்து எது எவ்வளவு தூரம் என்று ஊரையே மேலிருந்து பார்த்த மாதிரி மனசுக்குள் வைத்திருப்பது. ஒரு தெரு அடைத்துவிட்டால், இதுவரை போகாத சந்து வழியாகவும் போய்ச் சேர முடிகிறது என்றால் அதற்குக் காரணம் இந்த வரைபடம்தான்.

மனசுக்குள் வரைபடம் என்றால் கற்பனை மாதிரித் தோன்றும். 1948-ல் எட்வர்ட் டோல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், எலிகள் வழியை வெறும் பழக்கமாகக் கற்பதில்லை, மூளைக்குள் ஒரு வரைபடமே போட்டுக்கொள்கின்றன என்று எழுதினார். 1971-ல் லண்டனில் ஜான் ஓ'கீஃப் அதற்கு ஆதாரம் கண்டுபிடித்தார். எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கிற செல்கள் இருந்தன. இந்த மூலைக்கு ஒரு செல், அந்த மூலைக்கு இன்னொன்று. இவற்றை இடச் செல்கள் என்று சொல்லலாம். 2005-ல் நார்வேயில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் குழுவினர், ஹிப்போகாம்பஸுக்குப் பக்கத்திலேயே என்டோரைனல் கார்டெக்ஸ் என்ற இடத்தில் வேறு வகைச் செல்களைக் கண்டார்கள். அவை கிராஃப் தாளில் கட்டம் போட்ட மாதிரி சீரான இடைவெளிகளில் துடிக்கின்றன. இடத்தை அளந்து காட்டுகிற கட்டச் செல்கள். மூவருக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகம் வெச்சுக்கோங்க: ஹிப்போகாம்பஸ், என்டோரைனல் கார்டெக்ஸ். நெத்திப்பொட்டுக்கு உள்பக்கமா, மூளையோட அடியில இருக்கிற பகுதிகள். கடைசியில மறுபடி இவங்ககிட்டதான் வரப் போறோம்.

வயது எதைத் தொடுகிறது

2016-ல் 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்று ஒரு மொபைல் கேம் வந்தது. வரைபடத்தைப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு, படகை ஓட்டிச் சொன்ன இடங்களுக்கெல்லாம் போகணும். விளையாட்டு மாதிரி இருந்தாலும் அது வழி கண்டுபிடிக்கும் திறனை அளக்கும் ஓர் ஆய்வு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஹ்யூகோ ஸ்பியர்ஸும் மற்றவர்களும் சேர்ந்து உருவாக்கியது. உலகம் முழுக்க 40 லட்சம் பேருக்கு மேல் விளையாடினார்கள். 2018-ல் வெளிவந்த ஆய்வில், 57 நாடுகளைச் சேர்ந்த 5 லட்சத்து 58 ஆயிரம் பேரின் ஆட்டங்களை அலசினார்கள்.

அதில் என்ன தெரிந்தது? இந்தத் திறன் குறைய ஆரம்பிப்பது 60 வயதில் இல்லை. சுமார் 19 வயதிலேயே இறங்குமுகம் தொடங்கிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் விடாமல். இதைக் கேட்டுட்டு இருக்கிற முப்பது வயசுக்காரங்களே, நீங்களும் அந்தச் சரிவுலதான் இருக்கீங்க. தாத்தா உங்களுக்குக் கொஞ்சம் கீழே நிக்கிறார், அவ்வளவுதான்.

வயது எல்லாவற்றையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. பட்டியல் முறை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கிறது. புதிதாக வரைபடம் போடுவதுதான் கடினமாகிறது. அதனால் வயதானவர்கள் தன்னையறியாமல் பட்டியலின் மேல் அதிகமாகச் சாய்கிறார்கள். யான் வீனர் குழுவினர் 2013-ல் இதை அழகாகச் சோதித்துப் பார்த்தார்கள். கணினித் திரையில் ஒரு வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அதே சந்திப்புகளுக்கு வேறு திசையிலிருந்து கொண்டுவந்து விட்டு, இப்போ எப்படிப் போவீங்க என்று கேட்டார்கள். இளைஞர்கள் ஆரம்பத்தில் தடுமாறினாலும் போகப் போகச் சுற்றியிருக்கும் அமைப்பைப் பார்த்துத் தங்கள் முறையை மாற்றிக்கொண்டார்கள். வயதானவர்களில் பலர் பழைய முறையையே பிடித்துக்கொண்டார்கள். முன்னால் இடது பக்கம் திரும்பினோமா, இப்போதும் இடது பக்கம்.

இதைப் படிச்சதும் எனக்கு ஒண்ணு உறைச்சுது. அப்பாகிட்ட போய்க் கேட்டேன். "அன்னைக்கு என்னதாம்ப்பா நடந்துச்சு?" ரெண்டு வாரமா யாருமே அவர்கிட்ட இதைக் கேக்கலை. அவர் விலாவாரியாச் சொன்னார். அன்னைக்கு மெயின் கேட்ல சாக்கடைக்குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தாங்க. பாலை வாங்கிட்டு வந்தவரைப் பின் கேட் வழியா போகச் சொல்லிட்டாங்க. உள்ளே வந்தவர் வழக்கம்போல இடது பக்கம் திரும்பி, மூணாவது கட்டடத்துல ஏறி, நாலாவது மாடிக்குப் போயிட்டார். அவரோட பட்டியல்ல ஒரு தப்பும் இல்லை. கேட்தான் மாறிப்போச்சு.

இதோட இன்னொன்றும் சேருகிறது. கண்ணை மூடிக்கொண்டு பத்தடி நடந்து, திரும்பி, இன்னும் பத்தடி நடந்தாலும், கிளம்பின இடம் எந்தப் பக்கம் என்று நம்மால் ஓரளவு சொல்ல முடியும். எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு திரும்பினோம் என்று மூளை கணக்கு வைத்துக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்குக்குக் கட்டச் செல்கள் வேணும், காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேணும், கால் தசைகள் அனுப்பும் தகவலும் வேணும். மத்தியாஸ் ஸ்டாங்கல் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வயதானவர்களின் மூளையில் இந்தக் கட்டம் போன்ற துடிப்பு முன்போல நிலையாக இல்லை என்று காட்டினார்கள். ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்னப் பிசகு. தராசு துளியூண்டு சாய்ந்திருக்கிற கடையில் ஒரு கிலோ வாங்கினால் தெரியாது, ஒரு மூட்டை வாங்கினால் தெரியும். அதே மாதிரிதான் இதுவும். நாலு திருப்பம் திரும்பினால் திசை போய்விடுகிறது.

கண் மங்குவதும் காது மந்தமாவதும் தனிக் கணக்கு. எங்க அபார்ட்மென்ட்ல பிளாக் எழுத்து எங்கே இருக்கு தெரியுமா? முதல் மாடி உயரத்துல, வெள்ளைச் சுவத்துல, வெளிர் சாம்பல் நிறத்துல.

பழைய ஊர் எங்கே போயிடும்?

அடுத்த மாசம் மதுரையில சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். தெப்பக்குளம் பக்கத்துல மண்டபம். பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இருந்து டாக்ஸியில கிளம்பினோம். டிரைவர் சின்னப் பையன், ஊருக்குப் புதுசு. போன் சொன்ன வழியில போனான், நெரிசல்ல மாட்டிக்கிட்டான். முன்சீட்டுல உக்காந்திருந்த அப்பா மெதுவா ஆரம்பிச்சார். "தம்பி, இங்கிட்டு வேணாம். தெற்கு வெளி வீதியைப் புடி. கீழவாசல்ல ஏறு. அங்க இருந்து காமராஜர் சாலை நேரா தெப்பக்குளத்துல கொண்டு விடும்." வழியில ஒரு இடத்துல வண்டி நின்னப்போ, எந்தச் சந்துல நுழைஞ்சா எங்கே வெளியில வரலாம்னும் சொன்னார். எனக்குத் தெரிஞ்ச அப்பா திரும்பி வந்துட்டார்.

பால் கடைக்குப் போய் வர முடியாத ஆளுக்கு மதுரை முழுசும் எப்படித் தெரியுது? இதற்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பிரபலமான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர், ஆய்வுகளில் ஈ.பி. என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்பட்டவர். 1992-ல் வைரஸ் மூளைக் காய்ச்சலில் அவருக்கு இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸ் சிதைந்துபோனது. அதற்குப் பிறகு குடிபோன வீட்டைச் சுற்றியுள்ள தெருக்கள் எதுவுமே அவர் மனசில் பதியவில்லை. ஆனால் அவர் சின்ன வயதில் கலிபோர்னியாவில் வளர்ந்த ஊரைப் பற்றிக் கேட்டபோது, இங்கிருந்து அங்கே எப்படிப் போவீங்க, இந்தத் தெரு அடைத்திருந்தால் என்ன செய்வீங்க என்று எதைக் கேட்டாலும் சரியாகச் சொன்னார். அந்த ஊரை விட்டு வந்து 50 வருடங்கள் ஆகியிருந்தன! அதே ஊரில் வளர்ந்து வெளியேறிய, நோய் எதுவும் இல்லாத அவர் வயதுக்காரர்களுக்கு அவர் சளைக்கவில்லை. எட்மண்ட் டெங், லாரி ஸ்குவையர் இருவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இது.

வரைபடம் போடுவது ஒரு வேலை, போட்டு முடித்த பழைய வரைபடத்தைப் பார்ப்பது வேறு வேலை என்று இதிலிருந்து தெரிகிறது. புதிய ஊரைப் பதிய ஹிப்போகாம்பஸ் கட்டாயம் வேணும். பல வருடம் நடந்து பழகிய ஊரின் முக்கிய அமைப்பு மூளையின் மற்ற பகுதிகளிலும் வேர் விட்டுவிடுகிறது. எங்க அப்பாவுக்கு ஈ.பி. மாதிரி எந்தச் சிதைவும் இல்லை. வயசுக்கு ஏத்த தேய்மானம்தான். அதனால, புது ஊரைக் கத்துக்கவே முடியாதுன்னு இல்லை. ரொம்ப மெதுவாத்தான் முடியும். அந்த மெதுவுக்கு நான் அவகாசம் கொடுக்கலை, அதான் விஷயம்.

லண்டன் டாக்ஸி டிரைவர்கள்

அப்பாவோட தொழில்ல இருக்கிறதால இந்த ஆய்வை அவருக்கே படிச்சுக் காட்டினேன். லண்டனில் கறுப்பு டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேண்டுமென்றால் 'தி நாலெட்ஜ்' என்ற தேர்வை எழுத வேண்டும். சாரிங் கிராஸ் என்ற இடத்தைச் சுற்றி ஆறு மைல் வட்டத்தில் உள்ள சுமார் 25,000 தெருக்களையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தயாராக மூன்று நாலு வருடம் ஆகும்.

எலனோர் மக்வயர் குழுவினர் 2000-ல் இந்த டிரைவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட இவர்களுக்குப் பெரிதாக இருந்தது. பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள்தான் டாக்ஸி ஓட்ட வருகிறார்களோ? அதையும் பார்த்தார்கள். பயிற்சிக்கு முன் 79 பேரை ஸ்கேன் செய்தார்கள், முடிந்த பிறகு அவர்களில் பலரை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். 39 பேர் தேர்ச்சி பெற்றார்கள். ஆரம்பத்தில் யாருக்கும் வித்தியாசம் இல்லை. தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. இது 2011-ல் வந்தது. இன்னொரு ஒப்பீடும் உண்டு. தினமும் ஒரே தடத்தில் போகும் லண்டன் பஸ் டிரைவர்களுக்கு இந்த மாற்றம் இல்லை. அவர்களுக்குப் பட்டியல் போதும், டாக்ஸிக்காரருக்கு வரைபடம் வேணும்.

2024 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவில் 443 தொழில்களைச் சேர்ந்த, ஏறக்குறைய 90 லட்சம் பேரின் இறப்புப் பதிவுகளைப் பார்த்தார்கள். மொத்தத்தில் 3.88 சதவீதம் பேருக்கு அல்சைமர் நோய் இறப்புக் காரணமாகப் பதிவாகியிருந்தது. டாக்ஸி டிரைவர்களில் அது 1.03 சதவீதம். ஆம்புலன்ஸ் டிரைவர்களிலும் குறைவு. வயது வித்தியாசங்களைச் சரிக்கட்டிய பிறகும் இந்த இரண்டு தொழில்களும்தான் அடிமட்டத்தில் இருந்தன. பஸ் டிரைவர்களிடமும் விமானிகளிடமும் அப்படி இல்லை.

இதைக் கேட்டு அப்பா மீசையை முறுக்கினார். நான் கொஞ்சம் நிதானப்படுத்த வேண்டியிருந்தது. இது புள்ளிவிவரத் தொடர்பு மட்டும்தான். டாக்ஸி ஓட்டினால் அல்சைமர் வராது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஞாபகம் குறைகிறவர்கள் இந்தத் தொழிலை முன்கூட்டியே விட்டுப் போயிருக்கலாம். ஆனாலும் ஹிப்போகாம்பஸுக்கு வேலை கொடுத்தால் அது மாறுகிறது என்பதில் சந்தேகம் இல்லை.

வேலை கொடுக்கலைன்னா? 2017-ல் லண்டன் சோஹோ பகுதித் தெருக்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தாங்களே வழி யோசித்தவர்களுக்கு, புதிய தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகாம்பஸ் விழித்துக்கொண்டது. திரையில் வரும் கட்டளைப்படி போனவர்களுக்கு அந்த விழிப்பு இல்லை. "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்ற குரலைக் கேட்டுப் போகிறபோது, வரைபடம் போட வேண்டியவர் தூங்கிக்கொண்டு வருகிறார். இது உங்களுக்கும் எனக்கும்தான்.

எப்போது கவலைப்பட வேண்டும்

சரி, அண்ணன் பயந்தது முழுக்கத் தப்பா? இல்லை. இந்தப் பகுதியைக் கவனமாக் கேளுங்க.

நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அந்த இரண்டு பகுதிகள் வரைபடம் போடுபவை. அல்சைமர் நோயில் டவ் என்ற புரதச் சிக்கல்கள் ஆரம்ப காலத்திலேயே படிவதும் என்டோரைனல் கார்டெக்ஸில்தான். அங்கிருந்து ஹிப்போகாம்பஸுக்குப் பரவுகிறது. அதனால் வழி தப்புவது சிலருக்கு இந்த நோயின் முதல் அடையாளமாக இருக்கலாம். 2019-ல், அதே சீ ஹீரோ குவெஸ்ட் விளையாட்டில், அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஈ-4 மரபணு உள்ளவர்கள், ஞாபகச் சோதனைகளில் குறை எதுவும் தெரியாத நிலையிலும் மற்றவர்களைவிடச் சுற்று வழியில் போனார்கள் என்று கண்டார்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம், ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. அதனால இதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அப்பாவை அழைத்துப் போனபோது டாக்டர் மூன்று கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி, தொலைஞ்சது புது இடத்திலா, பழகின இடத்திலா? புதிய அபார்ட்மென்ட், ஆஸ்பத்திரி, மால், ஏர்போர்ட் இங்கெல்லாம் வழி தப்புவது வயதின் இயல்பு. இருபது வருடம் குடியிருந்த தெருவில், தினமும் போகிற கோயிலுக்குப் போகும் வழியில் தப்புவது எச்சரிக்கை.

இரண்டாவது, எப்படித் தப்பியது என்று அவரால் சொல்ல முடிகிறதா? எங்க அப்பா கேட் மாறினதுல இருந்து சொன்னார். தொலைந்ததே நினைவில்லை, அல்லது "நான் எங்கேயும் போகலையே" என்று சொன்னால் உடனே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கூடவே வேறு ஏதாவது மாறியிருக்கிறதா? பணம் எண்ணுவதில், மாத்திரை எடுப்பதில் தடுமாற்றம், ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, சமைத்துப் பழகியவர் முறை மறந்து நிற்பது.

இதோடு நான் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். நேற்று வரை நன்றாக இருந்தவருக்கு ஒரே நாளில், சில மணி நேரத்தில் இடம் பொருள் தெரியாமல் போனால் அது வயதும் இல்லை, அல்சைமரும் இல்லை. பக்கவாதம், உடம்பில் சோடியம் உப்பு குறைவது, சிறுநீர்த் தொற்று, புதிதாக ஆரம்பித்த மாத்திரை இப்படி ஏதாவது இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மெதுவாக வருகிற தடுமாற்றத்திலும் சரிசெய்யக் கூடிய காரணங்கள் நிறைய: பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, கண்புரை, காது கேளாமை. எங்க அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனையிலயும் ஞாபகச் சோதனையிலயும் பயப்பட ஒண்ணும் இல்லை. ரெண்டு கண்ணுலயும் புரை இருந்துச்சு. சாம்பல் எழுத்து அவருக்குத் தெரிஞ்சதே இல்லை!

கிழக்கு எங்கிட்டு இருக்கு?

சென்னைக்கு வந்த முதல் வாரம் அப்பா என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் அதைக் காதுலேயே வாங்கலை. "கிழக்கு எங்கிட்டு தாயி இருக்கு?" நான் சொன்ன பதில்: "அதெல்லாம் எதுக்குப்பா, லெஃப்ட் எடுங்க, அப்புறம் ரைட் எடுங்க, அவ்வளவுதான்."

1990-களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் மதுரை வட்டாரத்தில் தமிழர்கள் இடத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஆராய்ந்தார். கிராமத்தில் இருப்பவர்கள் மேசை மேல் இருக்கிற சின்னப் பொருளைக்கூட வடக்கே இருக்கு, கிழக்கே இருக்கு என்று திசை வைத்துச் சொன்னார்கள். நகரத்தவர்கள் இடது, வலது என்றார்கள். ஒரே மொழிதான், ஆனால் இரண்டு விதமான மனக்கணக்கு. இடது வலது நம்மோடு சேர்ந்து சுற்றும், நாம் திரும்பினால் அதுவும் மாறும். கிழக்கு மாறாது. எந்த கேட் வழியாக வந்தாலும் கிழக்கு கிழக்குதான்.

அப்பா பிறந்தது மதுரைக்கு வெளியில ஒரு கிராமம். பிழைச்சது எந்த ஊர்ல? கோயிலை நடுவுல வெச்சு, சுத்திச் சுத்திச் சதுரமா வீதி போட்ட ஊர்ல. கீழ மாசி வீதி, மேல மாசி வீதி, தெற்கு மாசி வீதி, வடக்கு மாசி வீதி. தெருப் பேர்லயே திசை இருக்கு. அந்த மனுஷன்கிட்ட போய் நான் லெஃப்ட், ரைட்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்.

மதுரையில இருந்து திரும்பி வந்ததும் அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். "அதோ கடல், அது கிழக்கு. ஓஎம்ஆர் ரோடு தெற்கு வடக்கா ஓடுது. நம்ம பிளாக் வளாகத்தோட வடமேற்கு மூலை. மெயின் கேட் மேற்கே, பின் கேட் கிழக்கே." அவர் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார். அப்புறம், "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" அப்படின்னார்.

அதுக்கப்புறம் நாங்க செஞ்சதையும் சொல்லிடறேன், உங்களுக்கு உதவும்.

மூணு வாரம் தினமும் காலையில கூட நடந்தேன். நான் பின்னாடி, அவர் முன்னாடி. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா மூளைக்கு வேலை இல்லை. தப்பாத் திரும்பினாலும் உடனே சொல்லாம, அவரே கண்டுபிடிக்க விட்டேன். ஒரே வழியை ரெண்டு கேட்ல இருந்தும், ரெண்டு திசையிலயும் நடந்தோம். அசையாத அடையாளங்களா பாத்து வெச்சுக்கிட்டோம்: வேப்ப மரம், தண்ணித் தொட்டி, டிரான்ஸ்ஃபார்மர். நிக்கிற காரையோ கடை பேனரையோ அடையாளமா வைக்கக் கூடாது, நாளைக்கு அது அங்கே இருக்காது. நடந்து முடிச்சதும் டைனிங் டேபிள்ல உக்காந்து, வந்த வழியை அவரே பேப்பர்ல வரைவார்.

குடியிருப்போர் சங்கத்துல பேசி, ஒவ்வொரு பிளாக் வாசலுக்கும் ஒரு நிறம் அடிச்சு, கண் மட்டத்துல பெரிய எழுத்து எழுத வெச்சோம். எங்களுது மஞ்சள். இதனால கூரியர் பையன்களுக்கும் சந்தோஷம். சட்டைப் பையில பேரு, பிளாக், என் போன் நம்பர் எழுதின சீட்டு. போன் கழுத்துல ஒரு கயித்துல. கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணுக்கு முடிஞ்சுது, இன்னொண்ணு அடுத்த மாசம்.

நடையே ஒரு மருந்து என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2011-ல் கிர்க் எரிக்சன் குழுவினர் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பாதிப் பேர் வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் வேகமாக நடந்தார்கள். மறுபாதி உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருடத்தில் நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதானது. மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. பால்கனி நாற்காலி பத்திரமான இடம்னு நினைச்சேன். எங்க அப்பாவோட மூளைக்கு அந்த வீட்டுலேயே ஆபத்தான இடம் அதுதான்.

எல்லா வீட்டுக்கும் இது அப்படியே பொருந்தாது. டிமென்ஷியா உறுதியானவர்களைத் தனியாக வெளியில் விடுவது ஆபத்து. அவர்களையும் கூட ஆள் வைத்து, பழகின வழியில் நடக்க வையுங்கள். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால், மூத்த குடிமக்களுக்கான எல்டர்லைன் 14567 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்.

போன வாரம் மறுபடி மெயின் கேட்ல ஏதோ வேலை. பால் வாங்கப் போன அப்பா பின் கேட் வழியா வந்தார். பதினஞ்சு நிமிஷம் லேட். நான் வாசல்லயே நின்னுட்டு இருந்தேன், பொய் சொல்லலை, கை நடுங்குச்சு. லிஃப்ட்ல இருந்து இறங்கினவர் தனியா இல்லை. கூட ஒரு பாட்டி. எஃப் பிளாக்குக்குப் புதுசா வந்தவங்களாம், வழி தெரியாம பார்க் பெஞ்சுல உக்காந்திருந்தாங்களாம். "இவங்களுக்கு ஒரு காபி போடு தாயி. குடிச்சிட்டு நான் கொண்டு போய் விட்டுட்டு வரேன்" அப்படின்னார்.

நீங்களும் இந்த வாரம் உங்க வீட்டுப் பெரியவங்களோட ஒரு தெருவாவது நடந்து பாருங்க. அவங்களை முன்னாடி விடுங்க. அவங்க உங்களுக்கு எப்படி வழி சொல்றாங்கன்னு கவனிச்சு எங்களுக்கு எழுதுங்க, திசையா, இடது வலதா, இல்லை "அந்தப் புளியமரத்துக்கு எதிர்த்தாப்புல"ன்னா? வர்ற கடிதங்களை அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.